ராப் கெட்டுப்போச்சு என்று நான் சொன்ன வருஷம்

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் 'ராப் கெட்டுப்போச்சு' என்று முதலில் சொன்னவன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருச்சுழியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நான் சொன்னதைக் கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ராப் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று கேள்விப்படுவதில் மனிதர்களுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது.

என் பேச்சை நம்பினார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளிலும் பொங்கல் விழாக்களிலும் பிரேக் டான்ஸ் ஆடிய இரண்டு பேரில் நான் ஒருவன்.

இன்னொருவன் என் பள்ளிக் கூட்டாளி. அவன் வீட்டில் மிளகாய் வத்தல் வியாபாரம். அவனுடைய மூத்த அண்ணன் சவூதியில், அமெரிக்கர்கள் தங்கியிருந்த ஒரு முகாமில், துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். எண்பத்தைந்து வாக்கில் விடுப்பில் வந்தவர் ஒரு டூ-இன்-ஒன்னும், ஏழெட்டு கேசட்டுகளும், ஒரு வீடியோ கேசட்டும் கொண்டுவந்தார். அவரோடு வேலை பார்த்த கறுப்பின அமெரிக்கர் ஒருவர் பதிந்து கொடுத்தவையாம். கேசட்டின் மேல் எழுத்து கிடையாது. ஒன்று, இரண்டு என்று பேனாவால் எண் மட்டும் போட்டிருந்தது.

வாடகைக்கு டெக் எடுத்து வந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். ஒரு தெருமுனை. எங்கள் வயதுப் பையன்கள் அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்திருந்தார்கள். ஒருவன் முதுகை ஊன்றிப் பம்பரம் போலச் சுற்றினான். இன்னொருவன் தலையை ஊன்றிச் சுற்றினான். ஓரமாக ஒருவன் மைக்கைப் பிடித்து விடாமல் பேசிக்கொண்டிருந்தான். நாங்கள் சுற்றியவர்களைத்தான் பார்த்தோம். பேசியவன் எங்களுக்கு இடைஞ்சலாகத் தெரிந்தான். அவன் எப்போது நிறுத்துவான், எப்போது தாளம் மட்டும் வரும் என்று காத்திருந்தோம். கேசட்டில் பேச்சு வரும் இடத்தையெல்லாம் ஓட்டிவிட்டு, தாளம் வரும் இடத்தில் நிறுத்துவோம். ஓட்டி ஓட்டிக் கேசட்டுகள் தேய்ந்தே போயின.

பழகுவதற்கு இடம் வேண்டுமே? எங்கள் பக்கத்து மண் கரிசல். வெயிலில் வெடித்துக் கிடக்கும், மழையில் காலை விடாது. வழவழப்பான சிமெண்ட் தரை என்றால் கூட்டாளி வீட்டுக்காரர்கள் வத்தல் காயப்போடும் களம்தான். வத்தலை அள்ளி மூட்டை கட்டிய மறுநாள் அதில் ஏறினோம். எவ்வளவு கூட்டினாலும் சிமெண்டில் ஏறிய காரம் போகுமா? முதல் நாள் முதுகால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். சட்டைக்குள் நெருப்பை அள்ளிப் போட்டதுபோல இருந்தது. வியர்வையைத் துடைத்த கையைக் கண்ணில் வைத்துவிட்டேன். இருவரும் தொட்டித் தண்ணீருக்குள் முகத்தை முக்கிக்கொண்டு அழுதோம். கூட்டாளியின் அத்தா, அதாவது அவன் அப்பா, எட்டிப் பார்த்து, "வெள்ளக்காரன் ஆட்டம் வெந்து போச்சாலே?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

என் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. என் அப்பா திருச்சபைப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். சிவப்புக் கால்சட்டையும் வெள்ளைக் கையுறையுமாக நான் நின்றதைப் பார்த்து, "பாட்டுன்னா ஒரு வார்த்தையாவது காதுல விழணும். ஒங்க பாட்டுல சத்தம் மட்டுந்தேன் இருக்கு. எல்லாம் கெட்டுப்போச்சு" என்றார். அவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவருக்கு ஐம்பது கூட ஆகவில்லை.

ஆறு மாதம் பழகியபின் மேடையேறினோம். பரளச்சியில் ஒரு பங்குனிப் பொங்கல். கரகாட்டத்துக்கும் நாடகத்துக்கும் நடுவில் கால் மணி நேரம் கொடுத்தார்கள். நான் இயந்திர மனிதன் போல வெட்டி வெட்டி நடந்து முடித்ததும் கூட்டாளி தரையில் விழுந்தான். கையும் காலும் உதறிக்கொண்டு, உடம்பில் அலை ஓடுவதுபோல ஒரு அசைவு வரும். அதை அவனைப்போல யாராலும் செய்ய முடியாது. அவன் உதற ஆரம்பித்த உடனே முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து கத்தினார்.

"ஏலே, பையனுக்கு வலிப்பு வந்துருச்சுலே! சாவிக்கொத்தக் குடுங்கலே!"

நான்கைந்து பேர் மேடையில் ஏறிவிட்டார்கள். ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண் தன் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை அவன் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்தாள். "ஆட்டந்தேன், ஆட்டந்தேன்" என்று அவன் அலறினான். அலறுவதும் வலிப்பின் லட்சணம்தான் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். டூ-இன்-ஒன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவனே திமிறி எழுந்து, சாவிக்கொத்தை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையை ஊன்றி ஐந்து சுற்றுச் சுற்றினான். ஊர் வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் எங்களைக் கூப்பிடாத பொங்கல் இல்லை.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித்தான் நான் என் வயதைக் கழித்திருக்கிறேன். இப்போது சொல்லும்போது ஒன்று உறுத்துகிறது. அந்த மூன்று வருடத்தில் நாங்கள் மேடையில் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்பத்தொன்பதில் கூட்டாளி அண்ணனிடமே சவூதிக்குப் போய்விட்டான். போகும்போது கேசட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொடுத்தான். தனியாக ஆட எனக்குத் தைரியம் வரவில்லை. தேர்வெழுதினேன், வேலை கிடைத்தது. பிஸ்கட் டின் கட்டிலுக்கடியில் போனது.

தொண்ணூறுகள் வந்தன. வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. சினிமாப் பாட்டுக்கு நடுவே யாரோ வேகவேகமாகப் பேசுவது வழக்கமானது. பையன்கள் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இரண்டு ஆள் நுழையும் கால்சட்டையில் அலைந்தார்கள். பள்ளி ஆண்டுவிழா, இளைஞர் மன்றப் போட்டி என்று எங்கே நடனம் இருந்தாலும் நடுவராக என்னைக் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கலர் குடித்துக்கொண்டு, மைக்கைக் கொடுத்ததும் ஒரே பேச்சைப் பேசுவேன். நாங்கள் ஆடியதுதான் ஆட்டம், இப்போது வருவது ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை, ராப் கெட்டுப்போச்சு. சொல்லிவிட்டு அந்தப் பையன்களுக்கே முதல் பரிசும் கொடுப்பேன். அவர்கள் உளறியது உளறல்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சினிமாவில் வந்த வரிகளை அர்த்தம் தெரியாமல் வாயசைத்தார்கள். ஆனால் அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. அதனால் அவர்களுக்கு மேடை இருந்தது.

இனி என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னைவிட எட்டு வயது சின்னவள். பன்னிரண்டாவதில் நல்ல மார்க். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க வேண்டும் என்றாள். அப்பா ஓய்வுபெறும் நேரம் அது. அவர் என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாள் வேலைக்குப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. எங்கள் சபைக் கமிட்டியில் ஒருவர் பக்கத்து நூற்பாலையில் பெண்களை வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் இருந்தார். அவரே சேர்த்துவிட்டார். விடிவதற்குமுன் மில் வேன் மெயின் ரோட்டில் வந்து நிற்கும். எங்கள் தெருவுக்குள் வராது. அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

எந்த நாளில் அவள் பிஸ்கட் டின்னை எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அஞ்சாம் நம்பர் கேசட்டுல அந்த ஆளு என்ன சொல்றாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அது இங்கிலீஷு. வேகமாப் பேசுவான். யாருக்குப் புரியும்?"

"எனக்குப் புரியுது. டிக்சனரி வச்சுப் பாத்தேன். அவுக தெருவுக்கு பஸ்ஸு வரமாட்டேங்குதாம். அவுக அம்மா ஊரார் வீட்டத் தொடைக்கப் போகுதாம். வெளக்கமாத்தப் பிடிச்ச கையி ராத்திரி மடங்க மாட்டேங்குதாம். அத அப்படியே சொல்றாருண்ணே. பாட்டா ஒண்ணும் சோடிக்கல. தாளத்துல நின்னு சொல்றாரு."

"அதுல ஆட்டம் வரும் பாரு, கடைசில, அதுதேன் விசேஷம்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கத்தியைக் கழுவும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கேசட் என்னுடையது. நான் தேய்த்த கேசட். அதற்குள் எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று ஒருத்தி வந்து சொல்கிறாள், அதுவும் என் தங்கச்சி.

தொண்ணூற்றாறு டிசம்பரில் கிறிஸ்மஸ் மரவிழா நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்தாள். 'பேச்சுப் பாட்டு, ஐந்து நிமிடம்' என்று எழுதியிருந்தாள். கமிட்டிக்காரருக்கு அது என்னவாக இருக்கும் என்று யாரோ மில்லில் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுச் சிரிக்கிறார்களாம், சில சமயம் அழுகிறார்களாம். அவர் நேராக அவளை மறுக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கதேன் இதுல விவரம் தெரிஞ்சவுக. ஒரு தடவ கேட்டுப்பாத்து, தகுதி இருந்தா வைப்போம். இல்லாட்டி விட்ருவோம். ஒங்க முடிவுதேன்."

ஆராதனை முடிந்த ஒரு மத்தியானம், ஓய்வுநாள் பள்ளி அறையில் உட்கார்ந்தோம். கமிட்டிக்காரர், அவரோடு இரண்டு பேர், நான். எங்களுக்கு நாற்காலி. அவள் நின்றாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அதைத் திறக்கவில்லை. இடது கையால் பெஞ்சில் தட்டத் தொடங்கினாள். நான் தேய்த்த அதே தாளம். ஆனால் அது மில் சத்தம் போல ஆகிவிட்டிருந்தது.

"நூலு அறுந்தா நான் பாக்கணும்,
நானே அறுந்தா யாரு பாக்கணும்?
ஒண்ணுக்குப் போனா மணி பாக்குறாக,
ஒத்தையா நின்னா ஒடம்பப் பாக்குறாக..."

என் கையில் முடி குத்திட்டு நின்றது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வத்தல் களத்திலும் மேடையிலும் எனக்கு ஒருநாளும் அப்படி ஆனதில்லை. இது இருபது வயதில், ஓசி கேசட்டில் இருந்து, டிக்சனரி வைத்து அவளாகக் கண்டுபிடித்தது. இவள் இதைச் சொல்லி முடித்தால் பரளச்சியில் நான் நடந்த நடை என்னவாகும் என்று ஒரு நினைப்பு வந்தது. கமிட்டிக்காரரின் முகம் சிவப்பதும் தெரிந்தது.

"போதும்" என்றேன்.

"இன்னும் இருக்குண்ணே. முக்கா வாசி இனிமேத்தேன் இருக்கு."

"போதும்கிறேன்ல? இதுல என்ன இருக்கு? ஆட்டமும் இல்ல, பாட்டும் இல்ல. ஒப்பாரியத் தாளத்துல வச்சா ராப்பா? எல்லாம் கெட்டுப்போச்சு."

"விவரம் தெரிஞ்சவரே சொல்லிட்டாரு" என்று கமிட்டிக்காரர் தன் நோட்டுப் புத்தகத்தில் அவள் பெயரை அடித்தார்.

அவள் மற்றவர்களைப் பார்க்கவேயில்லை. "நீ தலகீழா நின்னப்ப கேசட்டுல அவுக என்ன சொன்னாகன்னு ஒரு நாளாச்சும் காது குடுத்தியாண்ணே?" என்றாள். "வீட்டுக்குப் போ" என்றேன். போனாள்.

பொறாமையா, பயமா என்று பல வருடம் என்னையே கேட்டிருக்கிறேன். இரண்டும்தான். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வரவில்லை.

மரவிழா அன்று சாயங்காலம் சபைக் கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, முன்னால் நாற்காலிகள், பின்னால் மணலில் பாய்கள் விரித்திருந்தார்கள். மைக் செட்டைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. அப்பா இரண்டாவது வரிசையில் இருந்தார். தங்கச்சி பின்னால், மில்லில் அவளோடு வேலை பார்த்த பெண்களுடன் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவர்களில் பலர் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

தொப்பி திருப்பிய பையன்கள் நால்வர் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். பாதியில் கேசட் சிக்கிக்கொண்டது. பாட்டு இழுத்து இழுத்து ஊளையிட்டு நின்றது. பையன்கள் கையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். மைக் செட்காரர் கேசட்டை வெளியே எடுத்து, நாடாவைப் பிரிக்கப் பென்சில் தேடினார். கூட்டம் சலசலத்தது. அந்த இடைவெளியில் தங்கச்சி எழுந்து, பாய்களுக்கு நடுவே நடந்து, மேடையேறி மைக் முன்னால் நின்றாள்.

பின்னால் இருந்த பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். பாராட்டுக் கைதட்டல் என்று முதலில் நினைத்தேன். அது தாளம். சாப்பாட்டு நேரத்தில் பழகியது, பிசிறே இல்லை.

"நூலு அறுந்தா நான் பாக்கணும்" என்று தொடங்கினாள். நான்கு வரி போனது. கூட்டம் அடங்கியது. முன்வரிசையில் இருந்த கமிட்டிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணைக் காட்டவில்லை, கையைக் காட்டவில்லை, வாயைத் திறக்கவில்லை. வெறுமனே பார்த்தார். அவர் எதுவும் சொல்லவில்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. சொல்லியிருந்தால் அவர் மேல் போட்டிருப்பேன்.

நான் குனிந்து ஆம்பிளிஃபயரில் மைக் திருகியைச் சத்தம் அடங்கும் பக்கம் கடைசிவரை திருப்பினேன்.

அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அதை விட்டு விலகி நின்று, வெறும் தொண்டையில் சொன்னாள். பின்னால் இருந்த பெண்கள் எழுந்து முன்னால் வந்து மேடையைச் சுற்றி நின்றார்கள். அதற்குள் நான் வேறு கேசட்டை எடுத்து, ஒரு கிறிஸ்மஸ் கீதத்தை முழுச் சத்தத்தில் போட்டுவிட்டேன். ஒலிபெருக்கி என் தலைக்கு மேலேயே இருந்தது. அவள் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண்கள் சிரிப்பது தெரிந்தது. ஒரு இடத்தில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. அப்புறம் தங்கச்சி இறங்கி, பந்தலுக்கு வெளியே நடந்து போய்விட்டாள். மைக் செட்காரர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா நாற்காலிகளைத் தாண்டி என்னிடம் வந்தார். திட்டுவார், சபையில் மானம் போச்சு என்பார் என்று நினைத்தேன்.

"ஏன்டா பாட்டப் போட்ட?" என்றார். "நல்லாத்தான சொல்லிக்கிட்டிருந்தா. அடுத்த வரிதேன் முக்கியமான வரி."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேசட்டுல உள்ள இங்கிலீசுக்கு நாந்தான அர்த்தம் சொன்னேன். ரெண்டு வருசமா ரெண்டு பேரும் உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கோம். நீ ஆபீசுக்குப் போயிருவ."

ஆர்மோனியக்காரர். எல்லாம் கெட்டுப்போச்சு என்று சொன்னவர். அவருக்கு ராப்பில் குறையாகத் தெரிந்தது வார்த்தை காதில் விழாததுதான். விழுந்ததும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அடுத்த வரி என்ன என்று நான் அவரிடம் கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்றிருந்தேன். அடுத்த வருடம் அவர் இறந்துபோனார்.

மூன்றாம் நாள் மில் வேன் எங்கள் நிறுத்தத்தில் நிற்கவில்லை. தங்கச்சி தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் திருச்சுழி பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் வந்த நேரத்திலும் அவள் அங்கேயேதான் நின்றாள். முதல் ஷிப்ட் வேனும் போய், பகல் ஷிப்ட் வேனும் வந்தது. அது வேகத்தைக் குறைத்தது. ஜன்னல் வழியாகப் பெண்கள் இவளைப் பார்த்தார்கள். ஒருத்தி ஓட்டுநரிடம் ஏதோ சொன்னாள். வேன் நிற்காமல் போய்விட்டது. தங்கச்சி ரோட்டைக் கடந்து என் பக்கம் வந்தாள்.

"ஆபீசுக்கு நேரமாகலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பொங்கல் முடிந்ததும் மில்லில் வேலை பார்த்த இரண்டு பெண்களோடு திருப்பூருக்குப் போனாள். பனியன் கம்பெனியில் வேலை. அங்கேயே ஒருவரைப் பிடித்துப்போய்க் கல்யாணமும் செய்துகொண்டாள். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோது என்னிடம் தேவையானதைப் பேசினாள். காபி குடிச்சியா, பெட்டிக்கு ஆள் சொல்லியாச்சா, அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டில் கூட்டாளி விடுப்பில் வந்தான். உடம்பு பெருத்து, முன்தலை வழுக்கை. வத்தல் களத்துப் பக்கம் இருந்த அவன் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். நான் வழக்கமான பேச்சை எடுத்தேன். இப்போது வரும் பாட்டைக் கேட்டாயா, எவ்வளவு கேவலம், நம் காலம் எப்படி.

அவன் கையால் தடுத்தான். "நிறுத்துலே. அங்கயும் இதே சண்டதேன். அண்ணனுக்கு கேசட் குடுத்த ஆளு இன்னும் அங்கதேன் இருக்காரு. மொதல்ல ஆடுனவுக, பேச வந்தவுகளப் பாத்து ஆட்டத்தக் கெடுத்துட்டாங்கன்னு சொன்னாகளாம். இப்பப் பேச்சுக்காரவுக, காசுக்காரப் பயலுக வந்து பேச்சக் கெடுத்துட்டாங்கன்னு சொல்றாக. அவரு மகன் கேக்குறது அவருக்குப் பிடிக்கல. 'எங்க அப்பாவுக்கு நான் கேட்டது பிடிக்கல, அப்பவே தெரிஞ்சிருக்கணும்'னு சொல்லிச் சிரிக்காரு." பிறகு, "ஒன் தங்கச்சி ஏதோ சொன்னாளாமே மேடையில? எங்க வீட்டுப் பொம்பளைக சொன்னாக. என்னலே சொன்னா?" என்றான்.

நான்கு வரியைச் சொன்னேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் மைக்கு நின்னுருச்சு."

"எப்படி நின்னுச்சு?"

அவனிடம் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னேன். டீ வந்தது, ஆறிப்போனது. கடைசியில், "அப்ப நானும் நீயும் ஓட்டி ஓட்டித் தேச்சோம். அவ நிறுத்திக் கேட்டா. அவள நீ நிறுத்திட்ட" என்றான். எழுந்து தொழுகைக்குப் போய்விட்டான். அந்த விடுப்பில் அவன் என்னைப் பார்க்க வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் நான் திருப்பூர் போனேன். தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வரிசையான ஓட்டு வீடுகளில் கடைசி வீடு. அவள் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு மைக்க அணைச்சது நாந்தேன்."

"தெரியும்" என்றாள். "மைக் செட்காரரு அன்னைக்கே சொல்லிட்டாரு. அப்பாட்ட மட்டும் சொல்ல வேணாம்னு அவருட்ட நாந்தேன் கேட்டுக்கிட்டேன்."

கொஞ்சம் கழித்துக் கேட்டேன். "மிச்சம் என்ன? அந்த நாலு வரிக்கப்புறம்?"

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

"மறந்துபோச்சுண்ணே" என்றாள். "மோர் ஊத்தவா?"

மறந்திருக்காது என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதை வற்புறுத்திக் கேட்கும் உரிமை எனக்கு எங்கே இருக்கிறது? ஊற்று என்றேன். சாப்பிட்டுக் கை கழுவினேன். பஸ் நிலையம் போகும் வழியைச் சொல்லிக் கொடுத்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். வரமுடியாது என்றேன். ஏன் சார், நீங்கள் இல்லாமல் எப்படி என்றார்கள். முழங்கால் வலி என்று சொன்னேன். அவர்கள் வேறொருவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் மைக்கைப் பிடித்து எல்லாம் கெட்டுப்போச்சு என்றுதான் பேசினாராம்.